குடோனுக்கு எல்இடி வாங்குறீங்களா? வாட்டைப் பார்க்காதீங்க, லேபிளைப் பாருங்க

திருப்பூர்ல நூல் குடோன் வைத்திருக்கும் மச்சான் ஒருத்தர் மூணு கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மூணுமே 150 வாட் எல்இடி ஹை பே விளக்கு. விலை மட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லை. மலிவானதுக்கும் விலை கூடினதுக்கும் ரெண்டரை மடங்கு வித்தியாசம். "மச்சான், எல்லாமே 150 வாட்தானே, அப்புறம் எதுக்கு நான் கூடக் கொடுக்கணும்?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடப் போய் ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. சேர்த்து வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன விஷயம். வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். அது தரும் வெளிச்சம் இல்லை. வெளிச்சத்துக்கு அளவு லூமன். அந்த லூமன் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். குண்டு பல்பு காலத்தில் 60 வாட்னா இவ்வளவு வெளிச்சம்னு கண்ணுக்கே தெரியும், அதனால வாட்டை வைத்தே வாங்கிப் பழகிட்டோம். எல்இடியில் ஒரு வாட்டுக்கு 80 லூமன் தருவதும் இருக்கு, 150 தருவதும் இருக்கு. இதுல இன்னொரு வேலையும் நடக்கும். கொட்டேஷனில் போட்டிருக்கும் லூமன் பல சமயம் உள்ளே இருக்கும் சிப்போடது. லென்ஸ், கண்ணாடி, ட்ரைவர் எல்லாம் தாண்டி வெளியே வருவது அதைவிடக் குறைவு. "சிப் லூமனா, விளக்கோட லூமனா?"ன்னு கேட்டாலே விற்பவர் குரலில் மாற்றம் தெரியும்.

மச்சான் குடோனில் இப்ப இருப்பது 400 வாட் மெட்டல் ஹாலைடு, 24 விளக்கு. 400ன்னு பேர்தான், சோக்கையும் சேர்த்தா 450 வாட் வரை இழுக்கும். புதுசா இருக்கும்போது 36,000 லூமன் வரை தரும். ஆனா ஆயுளில் பாதி போறதுக்குள்ள மூணுல ஒரு பங்கு மங்கிடும். எல்லாப் பக்கமும் சிதறும் வெளிச்சத்தை மேலே இருக்கும் ரிஃப்ளெக்டர் கீழே திருப்புவதிலும் கொஞ்சம் போயிடும். கடைசியா தரைப்பக்கம் வருவது 18,000, 19,000 லூமன். வாட்டுக்கு 130 லூமன் தரும் 150 வாட் எல்இடி 19,500 லூமன் தரும். "400க்குப் பதில் 150 போடுங்க"ன்னு கடைக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. ஆனா அது உண்மையான 150 வாட்டா, உண்மையான 130 லூமனா இருந்தாத்தான் சரி.

மச்சான் மூணு சாம்பிள் வாங்கி வைத்திருந்தார். மின்சாரம் அளக்கும் மீட்டரில் போட்டுப் பார்த்ததில் மலிவானது 112 வாட்தான் இழுத்தது. கேட்டதும் அவருக்குச் சந்தோஷம், கரண்ட் இன்னும் மிச்சமாச்சேன்னு. மிச்சம் இல்லை அது. பாதி வெளிச்சத்தைக் கழிச்சுக்கிட்டு பாதி விலை போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு லக்ஸ் வேணும்? ஐரோப்பியத் தரமான இஎன் 12464-1 சொல்வது: சாதாரண ஸ்டோர் ரூமுக்கு 100 லக்ஸ், ஆட்கள் தொடர்ந்து இருந்தால் 200, பேக்கிங்கும் டிஸ்பாட்ச்சும் நடக்கும் இடத்தில் 300. ராக்குகளுக்கு நடுவே ஆள் நடமாடும் சந்துக்கு 150.

இந்த எண்கள் பெரும்பாலும் தரையோடு படுக்கையா இருக்கும் பரப்பில் அளப்பது. ஆனா குடோன்ல வேலை பார்க்கிறவர் எதைப் பார்க்கிறார்? தரையை இல்லை. ராக்கில் நிற்கும் அட்டைப்பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை. அந்த லேபிள் செங்குத்தா நிற்குது, விளக்கு உச்சியில் இருக்கு. வெளிச்சம் அதன் மேல விழாம, அதை ஒட்டி உரசிக்கிட்டுக் கீழே போகுது. எந்தக் குடோனிலாவது வெள்ளை வெளேர்னு விளக்கு எரியும்போதும் பசங்க கையில் செல்போன் டார்ச்சோட நின்னா காரணம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குதான். சந்தின் அகலம் 3 மீட்டர். விளக்கு சந்தின் நடுக்கோட்டுக்கு மேல 7.5 மீட்டர் உயரத்தில். லேபிள் 1.5 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேல. விளக்குக்கும் லேபிளுக்கும் உயர வித்தியாசம் 6 மீட்டர், பக்கவாட்டு வித்தியாசம் 1.5 மீட்டர். அந்த இடத்தில் கையைப் படுக்கையா நீட்டினால் உள்ளங்கையில் விழும் வெளிச்சத்துக்கும் லேபிள் முகத்தில் விழும் வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம் 1.5-ஐ 6-ஆல் வகுத்தால் வருவது. அதாவது கால் பங்கு. உள்ளங்கையில் 150 லக்ஸ் இருந்தா லேபிளில் 38-க்குக் கிட்டத்தான்.

இதுல எனக்கே ஆச்சரியமா இருந்த விஷயம், இந்தக் கால் பங்கு விளக்கோட பிராண்டையோ பீம் ஆங்கிளையோ பொறுத்தது இல்லை. அதே சந்தில் பத்து மீட்டர் தள்ளி, அதே உயரத்தில், அதே நடுக்கோட்டில் தொங்கும் அடுத்த விளக்கிலிருந்து வருவதுக்கும் அதே விகிதம்தான். பக்கத்துச் சந்தின் விளக்கை ராக் மறைச்சிடும். ஆக எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், தரையிலிருந்தும் எதிர் ராக்கிலிருந்தும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத் தவிர, கால் பங்குக்கு மேல நேரா வராது. மேல் தட்டுக்குப் பிரச்சினை இல்லை, 5.5 மீட்டர் உயரத் தட்டில் விகிதம் முக்கால் ஆயிடும். தவிப்பது கீழ்த்தட்டு. ஆள் கையால் எடுப்பதும் கீழ்த்தட்டில்தான்.

இதை மாத்த ரெண்டு மூணு வழி இருக்கு. விளக்கை இறக்கித் தொங்கவிடலாம், 5 மீட்டருக்கு இறக்கினா விகிதம் 0.43 ஆகும். ஆனா ஃபோர்க்லிஃப்ட் இடிக்கும், நிமிர்ந்து பார்க்கும் டிரைவருக்குக் கண் கூசும். தரைக்கு வெளிர் நிறப் பெயின்ட் அடிக்கலாம், இது உண்மையிலேயே பலன் தரும், ஏன்னா கீழ்த்தட்டுக்குப் பாதி உதவியே தரைதான். எனக்குப் பிடிச்சது மூணாவது: லேபிளைச் செங்குத்தா ஒட்டாம, ராக் பீமில் ஒரு பட்டை வைத்து மேல்பக்கம் பார்த்த மாதிரி 15 டிகிரி சாய்ச்சு வைப்பது. கணக்குப் போட்டா அதே இடத்தில் கால் பங்கு அரைப் பங்காகுது. சரியா ரெண்டு மடங்கு. ஒரு யூனிட் கரண்ட் கூடச் செலவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கீழ்த்தட்டு விலைப் பட்டை சாய்ஞ்சு இருப்பதைப் பார்த்திருப்பீங்க, அது நம்ம கண்ணுக்காகச் சாய்ச்சது, ஆனா வெளிச்சமும் சேர்ந்தே கிடைக்குது.

எத்தனை விளக்குங்கிற கேள்விக்கு வருவோம். புரிவதற்காக எண்களை முழுசாக்கிக்கிறேன். குடோன் 1000 சதுர மீட்டர், தேவை 150 லக்ஸ். விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் எவ்வளவு வேலைக்கு ஆகுது என்பதுக்கு ஒரு பங்கு, தூசும் வயசும் சேர்ந்து மங்குவதுக்கு ஒரு பங்கு கழிக்கணும். காலி ஹால்னா முதல் பங்கை 0.6, ரெண்டாவதை 0.8-ன்னு வைக்கலாம். தேவை 3,12,500 லூமன், அதாவது 16 விளக்கு. அதே ஹாலில் உயரமான ராக் நிறுத்திட்டா வெளிச்சத்தில் பெரும்பங்கு ராக்கின் தலையில் போய் உட்கார்ந்துக்கும், 0.6 என்பது 0.4 ஆனால் 24 விளக்கு. ஒரே கட்டிடம், ஒரே விளக்கு. ராக் மட்டும்தான் வித்தியாசம். அதனால பழைய விளக்கு தொங்கிய கொக்கியிலேயே புதுசை மாட்டிட்டுப் போகாதீங்க. அந்தக் கொக்கிகள் கட்டிடம் கட்டும்போது ராக் எங்கே வரும்னு தெரியாம போட்டவை. மச்சான் குடோனில் ஒரு வரிசை முழுக்க ராக் தலைக்கு நேர் மேல இருந்தது. விளக்கு சந்துக்கு மேல வரணும். சந்துக்குன்னே நீளவாக்கில் வெளிச்சம் பரப்பும் லென்ஸ் கிடைக்குது; அது கால் பங்கு விகிதத்தை மாத்தாது, ஆனா ராக் தலையில் வீணாகும் வெளிச்சத்தைச் சந்துக்குள் கொண்டுவரும்.

இதையெல்லாம் கையால் போட வேண்டியதில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் ஐஇஎஸ் ஃபைல்னு ஒண்ணு தருவாங்க. வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடில் திறந்தால் எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளிச்சம்னு வரிசையா எண்கள் இருக்கும். அதை டயலக்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ராக்கையும் வரைஞ்சு வைத்தால் ராக் முகத்து லக்ஸையும் காட்டும். மூணு கொட்டேஷனில் ரெண்டு பேரால்தான் அந்த ஃபைலைக் கொடுக்க முடிஞ்சது. யார் கொடுக்கலைன்னு சொல்லத் தேவையில்லை.

இப்ப காசு. தினம் 12 மணி நேரம், வருஷம் 300 நாள், அதாவது 3600 மணி நேரம். பழைய 24 விளக்கு 10.8 கிலோவாட், வருஷத்துக்கு 38,880 யூனிட். புது 24 விளக்கு 3.6 கிலோவாட், 12,960 யூனிட். யூனிட் 9 ரூபாய்னு வைத்தால் வருஷத்துக்கு 2,33,280 ரூபாய் மிச்சம். இதை எல்லா விற்பனையாளரும் சொல்லிடுவாங்க. அவங்க அதிகம் பேசாதது அடுத்த மிச்சத்தை.

மெட்டல் ஹாலைடை அணைச்சா உடனே போட முடியாது. சூடு ஆறணும், மறுபடி எரிஞ்சு முழு வெளிச்சம் வர பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஆகும். அதனால காலையில் போட்டா ராத்திரிதான் அணைப்பாங்க. அந்தப் பழக்கம் எல்இடி வந்த பிறகும் தொடருது. எல்இடிக்குக் காத்திருப்பே கிடையாது. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சென்சார் வைத்து, ஆள் இல்லாதப்ப 20 சதவீத வெளிச்சத்துக்கு இறக்கிடலாம். ஒரு சந்தில் பத்தில் மூணு பங்கு நேரம்தான் ஆள் இருக்காங்கன்னா சராசரிச் செலவு 44 சதவீதம். 12,960 யூனிட் 5,700 ஆயிடும். இன்னொரு 65,000 ரூபாய். முழுசா அணைக்கச் சொல்ல மாட்டேன்; இருட்டுச் சந்துக்குள் ஃபோர்க்லிஃப்ட் திரும்புவது நல்லதில்லை. சென்சார் இப்ப வாங்கலைன்னாலும் மங்கலாக்கக்கூடிய ட்ரைவரா வாங்கி வைங்க, பின்னாடி சேர்த்துக்கலாம்.

ஆயுள் விஷயத்துக்கு வந்தா, "50,000 மணி நேரம்"னு எல்லாரும் அச்சடிக்கிறாங்க. அது எல்இடி சிப் 70 சதவீத வெளிச்சத்துக்கு இறங்க எடுக்கும் நேரம். எல்எம்-80 என்ற சோதனையில் சிப்பைக் குறைஞ்சது 6000 மணி நேரம் எரிய விட்டுப் பார்ப்பாங்க. டிஎம்-21 என்ற கணக்குமுறைப்படி அந்த நேரத்தைப் போல அதிகபட்சம் ஆறு மடங்குக்குத்தான் கணிச்சுச் சொல்லலாம். 6000 மணி நேரச் சோதனைக்கு 36,000 தாண்டக் கூடாது. அதிருக்கட்டும், குடோனில் முதல்ல சாவது சிப் இல்லை, ட்ரைவர். தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே, சித்திரை மத்தியானத்தில், 50 டிகிரி சர்வ சாதாரணம். ட்ரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. டேட்டா ஷீட்டில் டிஏன்னு போட்டு ஒரு வெப்பநிலை இருக்கும். அது 25-ஆ 50-ஆன்னு பார்க்காம வாங்காதீங்க. நூல் குடோன்ல பஞ்சு தூசு வேற ஹீட் சிங்க் இடுக்கில் போர்வை மாதிரி படிஞ்சிடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊதி எடுக்க ஆள் ஏறணும், அதுக்கு ஏணி எட்டுமான்னும் யோசிங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு ஆபத்து நியூட்ரல் கட் ஆவது. த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனா 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். ஒரே நொடியில் ஒரு வரிசை விளக்கு முழுக்கக் காலி. 440 வோல்ட் தாங்கும் பாதுகாப்போட ட்ரைவர் கிடைக்குது, கேட்டு வாங்கணும். அதோட, ட்ரைவர் தனியாக் கழட்டி மாத்துற மாதிரி இருக்கணும். ட்ரைவர் ஆன் போர்டுன்னு சிப் பலகையிலேயே எல்லாத்தையும் ஒட்டி வருவது மலிவு. போச்சுன்னா முழு விளக்கும் போச்சு. அந்த வகையில் பலது நொடிக்கு 100 தடவை துடிக்கவும் செய்யும். செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தா பட்டை பட்டையா ஓடுவது தெரியும்.

நூல், துணி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிஆர்ஐ 70 உள்ள விளக்கில் வாட்டுக்கு லூமன் கூடவே கிடைக்கும், ஆனா நிறம் தடுமாறும். ரெண்டு லாட் நூலை ஒண்ணுன்னு நினைச்சு அனுப்பிட்டா அந்த ஒரு ரிட்டர்னில் வருஷத்து மிச்சம் கரைஞ்சிடும். டிஸ்பாட்ச் பகுதிக்காவது 80க்கு மேல போடுங்க. ஷேட் பார்க்க அப்பவும் டி65 லைட் பாக்ஸ்தான், கூரை விளக்கை நம்பக் கூடாது.

ஆர்டரில் மச்சான் கடைசியா எழுதினது விளக்கோட வாட் இல்லை. "ராக் முகத்தில், 1.5 மீட்டர் உயரத்தில், செங்குத்தா அளந்து இத்தனை லக்ஸ். விளக்கு இழுப்பது இத்தனை வாட்டுக்கு மேல போகக் கூடாது. சுற்றுப்புறச் சூடு 50 டிகிரி. ட்ரைவருக்கு 5 வருஷ வாரண்டி, பிஐஎஸ் பதிவு எண் விளக்கில் இருக்கணும்." லக்ஸ் எண்ணை மட்டும் டயலக்ஸ் வரைபடம் வந்த பிறகு நிரப்பினோம். முதல்ல ஒரே ஒரு சந்துக்கு மட்டும் ஆறு விளக்கு மாட்டி, சூரியன் இறங்கிய பிறகு லக்ஸ் மீட்டரின் கண்ணை ராக் பெட்டியோட ஒட்டி வைத்து அளக்கணும், சந்தின் நடுவில் ரெண்டு இடம், முனையில் ஒரு இடம். முனையில் எப்பவும் குறைவாத்தான் வரும், அதை முன்கூட்டியே விற்பவரிடம் பேசிடுங்க.