இன்ஜின் ஏன் மூச்சு விடுகிறது?

பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயு கொஞ்சம் கசிந்து கிரான்க்கேஸுக்குள் இறங்கும். வெளியேற வழியில்லையென்றால் அழுத்தம் ஏறி ஆயில் சீலையே பிதுக்கித் தள்ளும். அதற்குத்தான் பிரீதர் குழாய்.

அமெரிக்காவில் 1989-இல் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் பொருத்திய டாட்ஜ் ராம் டிரக்கில் இந்தக் குழாய் முன்பக்கமே முடிகிறது. எண்ணெய்ப் புகை ரேடியேட்டரில் படிந்து, தூசி ஒட்டி, விரலால் வழித்தால் கறுப்புச் சாந்தாக வரும். காற்று புகாமல் இன்ஜின் சூடேறும்.

அதனால் பலர் வீட்டிலேயே எண்ணெய் தாங்கும் நீளக் குழாயை மாட்டி, முனையைப் பின்பக்கம் இறக்கிவிடுகிறார்கள். குழாயின் விட்டத்தை மட்டும் குறைக்கவே கூடாது. முழுக்கக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொய்ந்தால் வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்து தேங்கும், பனிக்காலத்தில் உறைந்து அடைக்கும். அப்புறம் பிதுங்குவது அதே சீல்தான்.