வாசனை வழி – 9: ரசிகர் கைக்குத் தராசு வந்தபோது

ஃபிளாரன்ஸ் நகரத்து டொமினிக்கத் துறவிகளின் மருந்துச் சாலை வாசனைச் சாலையாக மாறிய சரித்திரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தகைய புராதன ஸ்தாபனங்களுக்கும் பெரிய வர்த்தகக் கம்பெனிகளுக்கும் நடுவே, இத்தாலியில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மூன்றாவது வர்க்கம் ஒன்று தலையெடுத்திருக்கிறது. வாசனைத் திரவியங்களை விலை கொடுத்து வாங்கி, முகர்ந்து, ஓயாமல் அவற்றைப் பற்றியே சம்பாஷித்துக் கொண்டிருந்த அபிமானிகள், ஒரு கட்டத்தில் தாங்களே குப்பியும் தராசுமாக உட்கார்ந்துவிட்டதன் விளைவு அது.

இந்த அபிமானிகளின் சகவாசமே விநோதமானது. தயாரிப்பு நின்றுபோன பழைய செண்டு ஒன்று ஒருவர் கைக்குக் கிடைத்துவிட்டால், அதை மில்லிலிட்டர் கணக்கில் சிறு சிமிழ்களில் பங்கிட்டு மற்றவர்களுக்கு அனுப்புவார். பெற்றவர்களோ அதில் ஒரு காகித நறுக்கைத் தோய்த்து, உடனே எழுந்து மறையும் நாரத்தை இனத்து மணத்தையும், சற்றுப் பொறுத்து விரியும் மலர் மணத்தையும், மறுநாள் காலையிலும் காகிதத்தை விட்டகலாத பிசின் வாடையையும் தனித்தனியே குறித்துக்கொண்டு வாதப் பிரதிவாதத்தில் இறங்குவார்கள். சபையின் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் தம்பூராவுடன் மேடையேறத் துணிவது இந்தக் கட்டத்திற்குப் பிறகுதான்.

அப்படித் துணிந்தவர்களில் ஒருவரான லொரென்ஸோ வில்லொரேஸி தத்துவம் படித்தவர். மத்திய கிழக்கு நாடுகளின் கடைத்தெருக்களில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த வாசனைச் சரக்குகளில் மனத்தைப் பறிகொடுத்து, 1990இல் ஃபிளாரன்ஸில் தம் பெயரிலேயே ஸ்தாபனத்தைத் தொடங்கிய அவருக்கு, 2006இல் வாசனைக் கலைஞர்களுக்கான பிரான்சுவா கோட்டி பரிசும் கிடைத்தது. பிரேஷியா நகரத்து அந்தோனியோ கார்தோனி தொழிலால் கட்டடக் கலைஞர். 1940களைச் சேர்ந்த பழைய கொலோன் சாரம் கைக்குக் கிடைக்க, அதை ஆதாரமாக வைத்துத் தொடங்கிய அவருடைய போக் என்ற சிறு ஸ்தாபனத்திலிருந்து 2014இல் வெளிவந்த ‘மாய்’, நிலசம்பங்கியின் மணத்தோடு மிருகவாடையையும் கூசாமல் கலந்து வைத்தது. சந்தையில் பலரிடமும் முகரக் கொடுத்து, ஒவ்வொருவர் ஆட்சேபத்துக்கும் ஒரு மூலையைச் செதுக்கிக்கொண்டே போகும் கம்பெனி முறையில் அப்படியொரு கலவை உயிர் தப்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

துணிவு இருந்தால் மட்டும் போதுமா? சரக்கு வாங்கக் காசும் வேண்டுமே. டஸ்கனியில் விளையும் ஐரிஸ் கிழங்கை எடுத்துக்கொள்வோம். மண்ணில் மூன்று வருஷம் வளர்ந்து, தோல் சீவப்பட்டு, மேலும் சில வருஷங்கள் காய்ந்து கிடந்த பிறகே அதில் வயலட் பூவை நினைவூட்டும் மணம் உண்டாகிறது. ஆகவே அதன் சாரத்துக்குப் பொன் விலை. மல்லிகைச் சாரமோ நம் சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தே ஐரோப்பாவுக்குப் போகிறது, அதுவும் மலிவன்று.

சரக்கைக் காட்டிலும் சட்டம் கடினமானது. நண்பர்களுக்கு இனாமாகக் கொடுத்து வந்த அதே கலவையை விலைக்கு விற்பதென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் வருஷத்து விதிகளின்படி, தகுதி பெற்ற நிபுணர் அதன் பாதுகாப்பைப் பரிசீலித்துக் கையொப்பமிட வேண்டும். கடைசித் தொகுதி சந்தைக்குப் போன பிறகும் பத்து வருஷம் அந்தப் பத்திரங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரைச் சீட்டில் அச்சிட்டாக வேண்டும். நாரத்தை இனத்துப் பெர்கமோட் பழத்தோலின் எண்ணெயில் வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கும் ஒரு பொருள் இருப்பதால், அதற்கு வேறு தனியாக வரம்பு உண்டு. அந்த எண்ணெய் பிழியப்படும் கலாப்ரியா கடற்கரைக்கு அடுத்த வாரம் போவோம்.