ஒரே கதை, இரு காலங்கள்

பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஒன்று மறுஆக்கம் பெறும்போது, 'இரண்டில் எது சிறந்தது?' என்னும் வினாவே முதலில் எழுகிறது. புதிய படைப்பாளர் எதனை மாற்றினார், ஏன் மாற்றினார் என்னும் வினா அதனினும் பயனுடையது. எழுபது ஆண்டு இடைவெளியில் உருவான இரு படங்களைக் கொண்டு இதனை அறியலாம்.

கதைக்கரு

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1952ஆம் ஆண்டு 'இகிரு' என்னும் படத்தை உருவாக்கினார். 'வாழ்தல்' என்பது இச்சொல்லின் பொருள். நகராட்சி அலுவலகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கோப்புகளில் முத்திரையிட்டே கழித்தவர் வத்தனபே. வயிற்றுப் புற்றுநோயால் விரைவில் இறக்கப்போவதை அவர் உணர்கிறார். கழிவுநீர் தேங்கும் இடத்தைச் சீர்செய்து பூங்கா அமைக்குமாறு பெண்கள் அளித்த மனு, துறைதோறும் அலைக்கழிக்கப்பட்டுக் கிடப்பில் இருந்தது. அப்பூங்காவை அமைப்பதே அவருடைய இறுதிப்பணி ஆகிறது.

இக்கதை 2022இல் ஆலிவர் ஹெர்மனஸ் இயக்கத்தில் 'லிவிங்' என ஆங்கிலத்தில் வெளிவந்தது. நாகசாகியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த நோபல் பரிசாளர் கசுவோ இஷிகுரோ இதன் திரைக்கதையை எழுதினார். கதைக்களம் 1953ஆம் ஆண்டின் லண்டனுக்கு மாறியது. வத்தனபே, வில்லியம்ஸ் ஆனார்.

ஒளியும் வண்ணமும்

'இகிரு' ஓர் எக்ஸ்ரே படத்துடன் தொடங்குகிறது. கதைத்தலைவரின் முகத்தைக் காணும் முன்பே அவருடைய நோயைக் காண்கிறோம். பின்னர், பனி பொழியும் இரவில், தாம் அமைத்த பூங்காவின் ஊஞ்சலில் அமர்ந்து அவர் பாடுகிறார். இருளும் பனியின் வெண்மையும் மட்டுமே நிறைந்த அக்காட்சியில் நம் பார்வை அம்மனிதரை விட்டு அகலுவதில்லை.

'லிவிங்' லண்டன் நகரின் பழைய வண்ணக் காட்சிகளுடன் தொடங்குகிறது. நகரின் பல வண்ணங்களுக்கிடையே கருநிற உடையும் தொப்பியும் அணிந்த அலுவலர்கள் ஒருவரைப்போல் ஒருவர் தோன்றுகின்றனர். அவர்களின் வாழ்வில் வண்ணம் இல்லை என்பதை வண்ணமே உணர்த்துகிறது.

பண்பாட்டு மாற்றம்

'இகிரு'வில் மருத்துவர் உண்மையை மறைத்துச் சாதாரண வயிற்றுப்புண் என்கிறார். 'லிவிங்'கில் மருத்துவர் உண்மையை நேரடியாகக் கூறுகிறார்; வில்லியம்ஸ் முகமாற்றமின்றி அதனைக் கேட்டுக்கொள்கிறார். முன்னதில் பிறர் உண்மையை மறைக்கின்றனர். பின்னதில் அவரே தம் துயரை மறைக்கிறார். அதற்கேற்பத் தக்காஷி ஷிமுரா கூனிய உடலாலும் கலங்கிய விழிகளாலும் நடிக்க, பில் நை தாழ்ந்த குரலாலும் மௌனத்தாலும் நடித்துள்ளார்.

முடிவு

இரு படங்களிலும் கதைத்தலைவர் இறந்தபின் உடன்பணியாற்றியோர் அவர் வழியில் நடப்பதாக உறுதியேற்று, விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்புகின்றனர். குரோசவா இதனை இரங்கல் கூட்டத்தில் நெடிய விவாதமாகக் காட்டி அலுவலக அமைப்பையே சாடுகிறார். இஷிகுரோ அதனைச் சுருக்கி, வில்லியம்ஸ் எழுதிய கடிதம் ஒன்றை இளம் அலுவலர் ஒருவரிடம் சேர்ப்பிக்கிறார். இம்மாற்றத்தால் மூலப்படத்தின் சினம் குறைகிறது. அடுத்த தலைமுறை மீதான நம்பிக்கை கூடுகிறது.

மூலத்தை அப்படியே நகலெடுப்பது மறுஆக்கம் ஆகாது. மூலம் எழுப்பிய வினாவைத் தன் காலத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப மீண்டும் எழுப்புவதே அதன் பணி. கிடைத்த காலத்தில் நாம் யாருக்குப் பயன்பட்டோம் என்னும் வினாவை இவ்விரு படங்களும் நம்மிடம் எழுப்புகின்றன.