செங்கல்பட்டு நெல்வயலில் பகலொளிச் சுழற்சியும் ஒளிச்சேர்க்கை மரபணுக்களும்

செங்கல்பட்டு வட்டாரத்துப் புளியமரம் மாலையில் சிற்றிலைகளை மடித்துக்கொள்வது யாவரும் அறிந்ததே. இத்தகைய அசைவு ஒளியால் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கான முதற்சான்றை, 1729இல் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருளில் வைத்துக் கண்ட தெ மேரான் அளித்தார். மரபணு நிலையில் இதற்கிணையான சான்று கிடைக்க இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. பட்டாணி இலைகளில் ஒளி திரட்டும் புரதத்திற்கான செய்தி ஆர்.என்.ஏ. அளவு விடியலுக்கு முன்பே உயரத் தொடங்குவதை 1985இல் குளோப்ஸ்டெக் வெளியிட்டார். கதிரவன் வருமுன்பே இலை ஆயத்தமாகிறது.

இந்த ஆயத்தத்தை நடத்துவது உயிரணுவின் உள்கடிகாரம். விடியலில் மிகும் சிசிஏ1 புரதம் மாலைக்குரிய டாக்1 மரபணுவை அடக்குகிறது. டாக்1 தன் முறை வரும்போது சிசிஏ1 மரபணுவை அடக்குகிறது. இக்கடிகாரத்தின் சுற்றுக்காலம் புற ஒளிச்சுழற்சியோடு பொருந்திய அராபிடாப்சிஸ் செடிகள், பொருந்தாதவற்றைவிட மிகுதியான பச்சையம் பெற்று, மிகுதியான கரியை நிலைநிறுத்தின என்பதை டாடும் உடனாய்வாளர்களும் 2005இல் காட்டினர்.

எனினும் அராபிடாப்சிஸ் ஆய்வுகள் பல, 16 மணிநேர ஒளியில் வளர்ந்த செடிகளைச் சார்ந்தவை. ஏறத்தாழ 12.7 பாகை வட அகலாங்கில் உள்ள செங்கல்பட்டில் பகற்பொழுது 13 மணிநேரத்தை எட்டுவதேயில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றரை மணிநேரத்திற்கும் குறைவு. இவ்வேறுபாடு சிறிதெனத் தள்ளத்தக்கதன்று. நெல்லின் பூத்தலைத் தூண்டும் எச்டி3ஏ மரபணு, அரைமணிநேரப் பகல் வேறுபாட்டையே பிரித்தறிய வல்லது என 2010இல் அறியப்பட்டது.

களஆய்வில் இடர் தோன்றுவது இலை பறிக்கும் நேரத்தில்தான். சொர்ணவாரிப் பருவத்தின் சூன் தொடக்கத்தில் இங்குக் கதிரவன் ஏறத்தாழ 5.40 மணிக்கே எழுகிறது. நவரைப் பருவத்தின் சனவரி இறுதியிலோ 6.35 மணியளவில். இரு பருவங்களிலும் காலை 6 மணிக்கே இலை பறித்தால் ஒன்று பகலிலை, மற்றொன்று இரவிலை. அவற்றின் ஒளிச்சேர்க்கை மரபணு அளவுகளை ஒப்பிட்டுப் பருவ வேறுபாடு என்றோ இரக வேறுபாடு என்றோ முடிவுகட்டுவது பிழையாகும். இத்தகைய ஒப்பீட்டில் கைக்கடிகார நேரத்தைக் காட்டிலும், கதிரெழுச்சியிலிருந்து கழிந்த நேரமே குறிக்கத்தக்கது. மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையோர வயல்களாயின், தெருவிளக்கிலிருந்து பாத்தி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.