ஐரோப்பிய ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

லாபம் இன்னும் கண்ணில் படாத ஓர் இளம் நிறுவனத்தில், பங்குக்கு ஈடாகப் பணம் போடுவதே துணிகர முதலீடு. ஆங்கிலப் பெயரான வென்ச்சர் கேபிடல் என்பதும் பழகிப்போன சொல்தான். வங்கிக் கடன் வேறு, இது வேறு. வங்கி அடமானம் கேட்கும். மாதம் தவறாமல் தவணை கேட்கும். மென்பொருள் எழுதும் நான்கு பொறியாளர்களிடம் அடமானம் வைக்க நிலமும் இல்லை, இயந்திரமும் இல்லை. முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு அவர்கள் நட்டத்தில்தான் தொழில் நடத்தியாக வேண்டும். அந்த நட்டத்தைத் தாங்க முன்வரும் பணத்துக்கே துணிகர முதலீடு என்று பெயர். நிறுவனம் மூழ்கினால் போட்ட பணம் போயிற்று. நிறுவனர்கள் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நிறுவனம் வளர்ந்தால் பங்கின் மதிப்பு பல மடங்காகும்.

ஸ்கைப், இசைச் சேவையான ஸ்பாட்டிஃபை, பணம் செலுத்தும் சேவைகளான கிளார்னா, அட்யென் ஆகியவை இத்தகைய பணத்தில் வளர்ந்த ஐரோப்பிய நிறுவனங்கள். திறமைக்கோ தொடக்க முயற்சிக்கோ ஐரோப்பாவில் பஞ்சமில்லை. தொடங்கிய நிறுவனத்தை உலக அளவுக்குக் கொண்டுபோகும் பெரும்பணம்தான் அங்கே போதவில்லை. இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

நிதியம் நடக்கும் விதம்

துணிகர முதலீட்டு நிறுவனங்கள் போடும் பணத்தில் பெரும்பகுதி அவற்றின் சொந்தப் பணம் அல்ல. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், செல்வந்தக் குடும்பங்கள், அரசு வங்கிகள் ஆகியோரிடம் திரட்டிய பணம் அது. இவர்கள் தரும் தொகை ஒரு நிதியமாகச் சேர்க்கப்படுகிறது. நிதியத்தின் ஆயுள் வழக்கமாகப் பத்து ஆண்டுகள். முதல் நான்கைந்து ஆண்டுகளில் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் போடுவார்கள். மீதி ஆண்டுகள் அவற்றை வளர்த்துப் பங்குகளை விற்று வெளியேறுவதற்கானவை.

நிதியத்தை நடத்துபவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணமும், இறுதியில் கிடைக்கும் லாபத்தில் 20 சதவீதமும் கிடைப்பது உலகெங்கும் பரவலான வழக்கம். 10 கோடி யூரோ நிதியம் என்றால் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சம் யூரோ. உண்மையான வருமானம் லாபப் பங்கில்தான் இருக்கிறது.

அந்த லாபம் எல்லா நிறுவனங்களிலிருந்தும் சமமாக வருவதில்லை. ஒரு நிதியம் இருபது, முப்பது நிறுவனங்களில் பணம் போட்டால், அவற்றில் பலவற்றில் போட்ட பணமே திரும்பாது. சில, போட்டதைத் திருப்பித் தரும். ஒன்றோ இரண்டோதான் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு வளர்ந்து மொத்த நிதியத்தையும் கரைசேர்க்கும். ஆகவே துணிகர முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தைப் பார்க்கும்போது, அது நட்டமடையுமா என்ற கேள்வியைவிட, வெற்றி பெற்றால் எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்விக்கே கூடுதல் எடை தருகிறார். நகரத்தில் நல்ல பெயரெடுத்து அளவான லாபம் ஈட்டும் தொழில் இந்த முதலீட்டுக்கு ஏற்றதல்ல.

பங்குக் கணக்கு

பணம் ஒரே தவணையில் வருவதில்லை. முதலில் ஏஞ்சல் முதலீட்டாளர் எனப்படும் தனிநபர்கள். அடுத்து சீட் சுற்று. பிறகு சீரீஸ் ஏ, சீரீஸ் பி என்று சுற்றுக்குச் சுற்று தொகை பெரிதாகும். ஒவ்வொரு சுற்றிலும் புதுப் பங்குகள் வெளியிடப்படுவதால், முன்பு இருந்தவர்களின் விகிதம் சுருங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: சீட் சுற்றில் ஒருவர் 20 லட்சம் யூரோ போட்டு 20 சதவீதப் பங்கு பெறுகிறார். அப்படியானால் நிறுவனத்தின் மதிப்பு 1 கோடி யூரோ. நிறுவனர்களிடம் 80 சதவீதம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து சீரீஸ் ஏ சுற்றில் வேறொரு நிதியம் 1 கோடி யூரோ போட்டு 20 சதவீதம் பெறுகிறது. இப்போது மதிப்பு 5 கோடி. நிறுவனர்களின் பங்கு 64 சதவீதமாகவும் முதல் முதலீட்டாளரின் பங்கு 16 சதவீதமாகவும் குறைகின்றன. ஆனால் அந்த 16 சதவீதத்தின் மதிப்பு 80 லட்சம் யூரோ. விகிதம் குறைந்தாலும் அவர் போட்ட பணம், காகிதக் கணக்கில், நான்கு மடங்காகிவிட்டது.

முதலீட்டாளர்கள் பெறுவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால் அவர்கள் போட்ட தொகை முதலில் அவர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் முக்கிய விதி. மேற்சொன்ன நிறுவனம் வெறும் 2 கோடிக்கு விலைபோனால், சீரீஸ் ஏ நிதியம் தன் 20 சதவீதக் கணக்கில் 40 லட்சத்தோடு நிற்காது. 1 கோடியை முதலில் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய 1 கோடிதான் மற்றவர்களுக்கு. 20 கோடிக்கு விலைபோனால், முன்னுரிமையை விட்டுவிட்டு 20 சதவீதமான 4 கோடியைப் பெறும். ஊழியர்கள் கையில் இருக்கும் சாதாரணப் பங்குகள் இந்த வரிசையின் கடைசியில் நிற்கின்றன. பெரிய தொகையில் முதலீடு வந்தது என்ற செய்திக்குப் பின்னால் இப்படி ஒரு வரிசை இருப்பதை ஊழியர்கள் அறிந்திருப்பது அவசியம்.

தொடக்கமும் முதல் சரிவும்

நவீனத் துணிகர முதலீட்டின் தந்தை என்று போற்றப்படும் ஜார்ஜ் டோரியோ பாரிஸில் பிறந்தவர். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த அவர், 1946இல் அமெரிக்காவில் ஏஆர்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் ஏஆர்டி 70,000 டாலர் போட்டது. பின்னாளில் அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டியது. ஒரே வெற்றி மற்ற எல்லா நட்டங்களையும் ஈடுகட்டும் என்ற பாடத்தை உலகுக்குக் காட்டிய முதலீடு அது.

ஐரோப்பாவும் சும்மா இருக்கவில்லை. சிறு நிறுவனங்களுக்கு நீண்டகால மூலதனம் கிடைப்பதில்லை என்று பிரிட்டனின் மேக்மில்லன் குழு 1931இலேயே சொல்லியிருந்தது. அந்தக் குறையைப் போக்க 1945இல் இங்கிலாந்து வங்கியும் பிற வங்கிகளும் சேர்ந்து ஒரு நிதி நிறுவனத்தை அமைத்தன. இன்று 3ஐ என்று அறியப்படுவது அதுவே.

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே இடைவெளி பெருகியது பின்னர்தான். ஓய்வூதிய நிதிகள் துணிகர முதலீட்டில் ஓரளவு பணம் போடலாம் என்று அமெரிக்கா 1979இல் விதியைத் தெளிவுபடுத்தியது. அதன் பிறகு அங்கே பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஓய்வூதியம் இன்றைய ஊழியரின் சந்தாவிலிருந்து இன்றைய முதியவருக்கு நேரடியாகப் போகிறது. சேர்த்து வைத்து முதலீடு செய்யும் பெருநிதி அங்கே உருவாகவில்லை.

1990களின் இணைய எழுச்சியில் ஐரோப்பா ஒரு பெரிய முயற்சி செய்தது. இளம் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்றே 1997இல் ஃபிராங்ஃபர்ட்டில் நோயர் மார்க்ட் என்ற பங்குச்சந்தை தொடங்கப்பட்டது. 2000இல் உச்சம் தொட்ட அதன் குறியீடு, இரண்டரை ஆண்டுகளில் 95 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. கணக்கு மோசடிகளும் அம்பலமாயின. 2003இல் சந்தையையே மூடிவிட்டார்கள். சேமிப்பை இழந்த ஜெர்மானியக் குடும்பங்கள் பங்குகளைக் கண்டாலே அஞ்சி ஒதுங்கின.

ஸ்கைப் விட்டுச் சென்ற செல்வம்

அதே 2003இல்தான் ஸ்கைப் பிறந்தது. சுவீடனின் நிக்லஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கின் யானுஸ் ஃப்ரீஸும் அதை நிறுவினார்கள். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் இருந்த பொறியாளர்கள். இணையம் வழியாக இலவசமாகப் பேச முடிந்ததால், வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருந்த மக்கள் கோடிக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். 2005இல் இபே நிறுவனம் 260 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியது. 2011இல் அது 850 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறியது.

விற்ற பணம் எங்கே போனது என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. சென்ஸ்ட்ரோம் 2006இல் லண்டனில் அட்டோமிகோ என்ற துணிகர நிதி நிறுவனத்தைத் தொடங்கினார். எஸ்டோனியப் பொறியாளர்கள் நால்வர் தங்கள் பங்குப் பணத்துக்கென்று சொந்த முதலீட்டு நிறுவனம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆட்டி ஹெய்ன்லா, ஃப்ரீஸுடன் சேர்ந்து 2014இல் ஸ்டார்ஷிப் என்ற ரோபோ நிறுவனத்தை நிறுவினார். நடைபாதையில் உருண்டுபோய் வீட்டு வாசலில் பொருளைச் சேர்க்கும் சிறு வண்டிகளைச் செய்வது அந்த நிறுவனம்தான். ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெட் ஹின்ரிகுஸ், கிறிஸ்டோ கேர்மனுடன் இணைந்து 2011இல் பணப் பரிமாற்ற நிறுவனமான வைஸைத் தொடங்கினார். சுமார் 13 லட்சம் மக்களே வாழும் எஸ்டோனியா ஸ்டார்ட்அப்களின் நாடாக மாறியதற்கு இந்த ஒரு விற்பனை பெரிய காரணம். வெற்றி பெற்றவரின் பணமும் அனுபவமும் அடுத்தவருக்குக் கைமாறும்போதுதான் ஓர் ஊரில் இந்தத் தொழில் வேர்பிடிக்கிறது.

வளரும் கட்டத்தில் வரும் தட்டுப்பாடு

முதல் ஒன்றிரண்டு சுற்றுகளுக்கு ஐரோப்பாவில் இன்று உள்ளூர்ப் பணம் உண்டு. 1996இல் ஜெனீவாவில் தொடங்கிய இண்டெக்ஸ் வென்ச்சர்ஸ், லண்டனின் பால்டர்டன், நார்டிக் நாடுகளின் கிரியாண்டம், நார்த்ஸோன் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. 10 கோடி, 20 கோடி யூரோ தேவைப்படும் கட்டத்தில்தான் நிறுவனங்கள் அமெரிக்காவை நோக்கித் திரும்புகின்றன. இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ திராகி 2024இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு அளித்த அறிக்கை இதை எண்களில் காட்டியது. உலகில் திரட்டப்படும் துணிகர நிதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு வெறும் 5 சதவீதம். அமெரிக்காவின் பங்கு 52, சீனாவின் பங்கு 40 சதவீதம். 2008க்கும் 2021க்கும் இடையே ஐரோப்பாவில் தோன்றிய 147 யூனிகார்ன்களில், அதாவது 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய நிறுவனங்களில், 40 நிறுவனங்கள் தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை போனது அமெரிக்காவுக்கே.

ருமேனியாவின் புகாரெஸ்டில் 2005இல் தொடங்கிய யூஐபாத் இதற்குச் சான்று. அலுவலகங்களில் திரும்பத் திரும்பச் செய்யும் கணினி வேலைகளைத் தானியங்கியாக்கும் மென்பொருளை அது செய்தது. வளர்ந்த பின் தலைமையகம் நியூயார்க்குக்குப் போனது. 2021இல் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலானது. ஸ்பாட்டிஃபை 2018இலும் கிளார்னா 2025இலும் அதே சந்தையைத்தான் தேர்ந்தெடுத்தன. லண்டனில் 2021இல் பட்டியலான வைஸும் தன் முதன்மைப் பட்டியலை அமெரிக்காவுக்கு மாற்ற 2025இல் முடிவு செய்தது.

சந்தை துண்டுபட்டுக் கிடப்பதும் ஒரு தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். 27 வகை நிறுவனச் சட்டம், வரி, தொழிலாளர் விதி. ஜெர்மனியில் ஜிஎம்பிஹெச் எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனத்தின் பங்கைக் கைமாற்ற நோட்டரி முன் ஆவணம் எழுதியாக வேண்டும். ஊழியருக்குத் தரும் பங்கு உரிமைக்கு எப்போது, எவ்வளவு வரி என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. நல்ல பொறியாளரைச் சம்பளத்தால் மட்டும் ஈர்க்க முடியாத இளம் நிறுவனத்துக்கு இது பெரிய சுமை.

ஏற்றமும் இறக்கமும்

வட்டி விகிதம் பூஜ்யத்தை ஒட்டி இருந்த 2021இல் ஐரோப்பாவிலும் பணம் கொட்டியது. சுவீடனின் கிளார்னா அந்த ஆண்டு ஜூனில் 4,560 கோடி டாலர் மதிப்பு பெற்றது. வட்டி ஏறத் தொடங்கிய 2022 ஜூலையில் அதே நிறுவனத்தின் மதிப்பு 670 கோடி டாலர். வாடிக்கையாளர்கள் ஓடிவிடவில்லை, எதிர்கால லாபத்துக்கு முதலீட்டாளர்கள் தரத் தயாராக இருந்த விலைதான் சரிந்தது.

அதைவிடக் கடுமையான பாடம் நார்த்வோல்ட். மின்வாகன பேட்டரிகளை ஐரோப்பாவிலேயே செய்யும் நம்பிக்கையோடு சுவீடனில் எழுந்த இந்த நிறுவனம், பங்கும் கடனுமாகப் பல நூறு கோடி டாலர் திரட்டியது. உற்பத்தி எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. 2025 மார்ச்சில் அது திவாலானது. தொழிற்சாலை கட்ட வேண்டிய துறைகளுக்கு மென்பொருள் துறையின் கணக்கு பொருந்தாது. அங்கே பணத்தோடு நீண்ட பொறுமையும் உற்பத்தி அனுபவமும் தேவை.

மறுபக்கம், பாரிஸின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான மிஸ்ட்ரால் ஏஐ. 2023இல் தொடங்கிய சில வாரங்களிலேயே 10.5 கோடி யூரோ திரட்டியது. அந்தச் சுற்றுக்குத் தலைமை தாங்கியது அமெரிக்க நிதி நிறுவனம். 2025 செப்டம்பரில் 170 கோடி யூரோ திரட்டியபோது, அதில் 130 கோடியைப் போட்டது, சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். ஐரோப்பாவின் பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஐரோப்பாவின் இளம் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது கவனிக்கத்தக்க மாற்றம்.

அரசுகள் செய்வது

தனியார் பணம் தயங்கும் இடத்தை அரசுப் பணம் நிரப்புகிறது. 1994இல் லக்சம்பர்கில் அமைந்த ஐரோப்பிய முதலீட்டு நிதியம், நிதி நிறுவனங்களுக்கே முதலீடு தருகிறது. பிரான்ஸில் பிபிஐஃபிரான்ஸ், ஜெர்மனியில் ஹைடெக் குருண்டர்ஃபாண்ட்ஸ் ஆகியவை அரசுப் பணத்தை இளம் நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கின்றன. பிரிட்டன் வேறு வழியில் போகிறது: தகுதியுள்ள இளம் நிறுவனங்களில் பணம் போடும் தனிநபருக்கு, இஐஎஸ் திட்டத்தில் முதலீட்டின் 30 சதவீதமும் எஸ்இஐஎஸ் திட்டத்தில் 50 சதவீதமும் வருமான வரிச் சலுகை. ஐந்து நாடுகளும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் சேர்ந்து 2023இல் 375 கோடி யூரோவில் தொடங்கிய திட்டம் வளர்ச்சிக் கட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது.

27 நாட்டுச் சட்டங்களுக்கும் மாற்றாக, விரும்பும் நிறுவனங்கள் தேர்ந்துகொள்ளக்கூடிய 28ஆவது சட்ட முறை ஒன்றைக் கொண்டுவரப்போவதாக ஐரோப்பிய ஆணையம் 2025இல் அறிவித்தது. பிரிட்டனில் பெரிய ஓய்வூதிய நிறுவனங்கள் சில, 2030க்குள் தங்கள் முக்கியத் திட்டங்களின் 5 சதவீதத்தைப் பட்டியலிடாத நிறுவனங்களில் போட 2023இல் உடன்பட்டன.

இவற்றில் நிலைத்த பலன் தரக்கூடியவை ஓய்வூதியப் பணமும் ஒரே சந்தையும்தான். அரசுப் பணம் தொடக்கத்துக்கு உதவும். வளர்ந்த நிறுவனத்தைத் தன் மண்ணில் நிறுத்திவைக்க அது போதாது. ஐரோப்பியர் சேமிப்பில் ஒரு சிறு பகுதியாவது ஐரோப்பிய நிறுவனங்களின் வளர்ச்சிக் கட்டத்துக்கு வர வேண்டும். அந்த நிறுவனங்கள் ஐரோப்பியச் சந்தையிலேயே பட்டியலாகி, லாபம் அடுத்த தலைமுறை நிறுவனர்களிடம் போய்ச் சேர வேண்டும். ஒரு நிதியத்தின் ஆயுளே பத்து ஆண்டுகள் என்பதால், இன்றைய சீர்திருத்தங்களின் பலனைச் சரியாக எடைபோட 2030களின் நடுப்பகுதி வரை ஆகும்.