வாயு என்று நினைத்து இரண்டு நாள்

டாக்டர் எழுத வேண்டியதை மிளகாய் மண்டிக்காரன் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். பக்கத்து மண்டி நண்பரைப் பறிகொடுத்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்கும் சொல்லத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருக்குக் குண்டூர் லோடு வந்து நின்றது. நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் பாரம், உடம்பெல்லாம் வேர்வை. "வாயுதான் அண்ணாச்சி" என்றார். ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மூட்டை எண்ணப் போய்விட்டார். நானும் அதை நம்பினேன். அந்த உறுத்தல் இன்றும் உண்டு. சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. ஞாயிறன்று மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. இ.சி.ஜி. பார்த்த டாக்டர், மாரடைப்பு வந்து இரண்டு நாளாகிவிட்டது என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது நன்றாகத்தான் இருந்தார். வத்தல் என்ன விலை போகிறது என்று விசாரித்தார். அன்று மாலை திடீரென்று சாய்ந்தவர் எழவில்லை. திரையில் இ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டிருந்ததாம், நாடி மட்டும் இல்லை.

இதயச் சுவர் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ரத்தக்குழாய் அடைபட்டால் அந்தப் பகுதித் தசை செத்துப்போகிறது. முதல் வாரத்தில் அது நைந்து இளகியிருக்கும்; தழும்பாகிக் கெட்டிப்பட வாரக்கணக்காகும். நைந்த சாக்கில் சரக்கை அடைத்தால் என்னாகும் என்று நமக்குத் தெரியாததா? ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் அந்த இடத்தில்தான் மோதுகிறது. கிழிந்தால், இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தம் நிறைந்து, இதயத்தையே விரியவிடாமல் நெருக்கிவிடும். உடனே ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது அரிது.

மாரடைப்பு வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அடைப்பைச் சீக்கிரம் நீக்கிவிட்டால் நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லையாம். தாமதித்து வருபவர்கள், வயதானவர்கள், பெண்கள், முதல் தடவையாக மாரடைப்பு வந்தவர்கள், இவர்களுக்கே ஆபத்து அதிகம். முதல் தடவைதானே என்று தைரியம் கொள்ள இடமில்லை! பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வாந்தி, அசதி, மூச்சுத்திணறல் என்றும் வரும், வீட்டில் கவனியுங்கள்.

நெஞ்சுப் பாரமும் வேர்வையும் வந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கூட்டரை நீங்களே ஓட்டிப் போக வேண்டாம். கிராமத்துக் கடைக்காரர்களுக்கு ஒன்று: தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு டாக்டரைக் கேட்காமல் மூட்டுவலி மாத்திரை போடுவதும் கூடாது. சில மாத்திரைகள் புண் ஆறுவதைக் கெடுக்கும்.

எங்கள் ஊரில் இரவிலும் ஆஞ்சியோ செய்யும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, போன் நம்பரைக் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஞாயிறு கடை பூட்டியிருக்கும் என்பதால் வீட்டிலும் ஒன்று.