மூணாம் நாள் செல்ஃப் எடுக்காத கார்

நிறுத்தி வைத்த கார் மூணாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரிக் கடைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு டீ சொல்லுங்கள். டீ ஆறுவதற்குள் போட்டுவிடக்கூடிய சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது.

பழைய மாருதி 800-இல் இருப்பது 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரு ஆம்பியர் வீதம் எடுத்துக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய 35 மணி நேரம் வரும். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இழுப்பது இரண்டு வினாடிதான். கணக்குப் போட்டால் 0.1 ஆம்பியர்-மணிகூட வராது. ஹெட்லைட்டை ஒரு நிமிஷம் எரியவிட்டால் இதைவிட அதிகம் செலவாகும். 1912-இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங் கண்ட சூட்சுமமே இதுதான்: கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் சின்ன மோட்டாரிடமும் பெரிய வேலை வாங்கலாம். ஆகவே பேட்டரியைத் தீர்ப்பது நாம் வண்டியை எடுக்கிற நேரமல்ல, எடுக்காத நேரம். மேல்தொட்டியை இரவோடு இரவாகக் காலி செய்வது வாளி பிடிக்கிற குழாய் அல்ல, சொட்டிக்கொண்டே இருக்கிற குழாய்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருக்கிறார். மகள் வீடு சிதம்பரத்தில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக ஒரு மணி நேர ஓட்டம். போய்வந்த மறுநாள் வண்டி சமர்த்தாகக் கிளம்பும். இரண்டு நாள் நின்றால் போச்சு. தெருப் பையன்கள் தள்ள வேண்டும். பேட்டரியை மாற்றிப் பார்த்தார். சில மாதம் கழித்து மறுபடியும் அதே கதை.

“தம்பி, கடைக்காரர் மீட்டர் வைத்துத்தானே பேட்டரி வீக் என்று காட்டினார்?” என்று கேட்டார்.

“அவர் காட்டியது நிஜம்தான் சார். வீக் ஆனதுக்குக் காரணம் எதுன்னுதான் யாரும் பார்க்கலை.”

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க, உள்ளே தகடுகளில் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். அரைகுறை சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் இறுகிப் படிகமாகிவிடும், பிறகு கரையாது. கசிவு உள்ள காரில் போட்ட புது பேட்டரி மாதக்கணக்கில் இப்படி அரைப் பட்டினி கிடந்து உண்மையிலேயே கெட்டுப்போகிறது. கடையில் சோதித்தால் ‘கெட்டுவிட்டது’ என்றே வரும். புதிது போடுகிறோம், சில மாதம் வண்டி ஓடுகிறது, நோயும் தீர்ந்ததாக நினைத்துவிடுகிறோம். ஓய்வூதியத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது சின்னச் செலவல்ல. அளந்து பார்க்காமல் பேட்டரி வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அளப்பதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு வோல்ட் பாருங்கள். 12.6-க்குப் பக்கத்தில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் அடிமட்டம். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. தலைமையாசிரியர் வண்டியில் இரண்டும் சரியாகவே இருந்தன.

அடுத்து கசிவு. மோதிரம், வாட்சைக் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த விளக்கின் கரண்டையே கசிவு என்று துரத்திக்கொண்டிருப்போம். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரிக் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். இனி காருக்குள் போகிற கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடக் கூடாது; உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டு அடுத்த முறை வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியையே ஷார்ட் செய்வீர்கள்.

மீட்டர் 0.36 ஆம்பியர் காட்டியது.

கார்புரேட்டர் வண்டிக்கு இது மிக அதிகம். ஸ்டீரியோவின் நினைவுக்கும் கடிகாரத்துக்கும் 0.01, 0.02 ஆம்பியர் போதும். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில்கூட 0.05-க்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அவற்றில் பூட்டிய பிறகு உள்ளே எல்லாம் தூங்கப் போக அரைமணி நேரம் வரை ஆகும், அதுவரை காத்திருந்துதான் படிக்க வேண்டும். 0.36 என்பது ஒரு நாளைக்கு எட்டரை ஆம்பியர்-மணிக்கு மேல். கிட்டத்தட்ட நூறு தடவை ஸ்டார்ட் செய்கிற கரண்ட், தினமும், யாருக்கும் பயன்படாமல் போகிறது. இரண்டு நாளில் பேட்டரியில் பாதி காலி. மூணாம் நாள் செல்ஃப் எடுக்காததில் அதிசயமே இல்லை.

வழக்கமான முறை, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பார்ப்பது. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, கசிவு அந்த வழியில் இருக்கிறது. பிடுங்கினோம். எல்லா ஃப்யூஸும் வெளியே வந்துவிட்டன. மீட்டரில் இன்னும் 0.35.

சார் முகம் வாடிவிட்டது. எனக்கோ தெம்பு வந்தது. கரண்ட் ஃப்யூஸ் பாக்ஸ் வழியாகவே போகவில்லை என்று தெரிந்துவிட்டதே! தேட வேண்டிய இடம் காரின் முக்கால் பங்கிலிருந்து ஒரு சாணுக்குச் சுருங்கிவிட்டது. ஃப்யூஸைத் தாண்டி கரண்ட் எடுப்பவை சிலவே. ஒன்று ஆல்டர்னேட்டர், பட்டறையில் டைனமோ என்பார்கள். அதனுள் இருக்கும் டையோடு ஒன்று கசிந்தால் எஞ்சின் நின்ற பிறகு கரண்ட் பின்பக்கமாக ஓடும். அந்தக் காலத்து நிஜ டைனமோ வண்டிகளில் கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டாலும் இதேதான் நடக்கும். இன்னொன்று, பின்னாளில் யாரோ பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து நேரடியாக இழுத்த ஒயர்கள்.

ப்ளஸ் கிளாம்பில் கம்பெனி ஒயர்களோடு, இன்சுலேஷன் டேப் சுற்றிய இரண்டு ஒயர்கள் கூடுதலாக இருந்தன. ஒன்று டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். இரவெல்லாம் நின்ற வண்டி, தகடு வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், சிவப்புக்குச் சாவி திருப்பிய பிறகுதான் வர வேண்டும். பொருத்தியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி அந்த நேர் ஒயரிலேயே கொடுத்திருந்தார். சாவியை எடுத்தாலும் ஸ்டீரியோ உள்ளுக்குள் விழித்தே இருந்தது. ஆம்ப்ளிஃபயரையும் விழிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஒயரைக் கழற்றியதும் மீட்டர் 0.07-க்கு விழுந்தது.

பெரும்பாலோர் இங்கே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 0.07 சின்ன எண்தான். ஆனால் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தால் 23 ஆம்பியர்-மணிக்கு மேல் குடித்திருக்கும். இரண்டாவது ஒயர், முன் பம்பருக்குப் பின்னால் கூடுதல் ஹாரனுக்காக வைத்த ரிலேக்குப் போனது. ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து உருவினால், பின்களுக்கு நடுவில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்து ஒரு பாலமே கட்டியிருந்தது. ஈரக் காற்றில் உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு கரண்டைக் கடத்தும். கரண்ட் ஓட ஓட, செம்பு மேலும் அரிக்கும், பாலம் மேலும் தடிக்கும். ரிலேயைப் பிரித்ததும் மீட்டர் பூஜ்யம். ஆல்டர்னேட்டர் குற்றமற்றது என்பதும் அதிலேயே தெரிந்தது.

இந்தக் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த உப்பைத் தனியாக மனதில் வைக்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்தே அரிப்பை ஆராய்ந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வீசுவதும் அதே உப்புக் காற்றுதான். போதாததற்கு வெள்ளம். 2015 மழையிலோ, 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதோ தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் காய்ந்து ஓடத் தொடங்கியிருக்கலாம். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் கனெக்டர்களில் சேறும் ஈரமும் தங்கிவிட்டால், தொல்லை ஒரு வருஷம் கழித்துக்கூட வரும். அப்படி நின்ற பழைய வண்டியை வாங்குகிறவர்கள் இந்தக் கசிவுச் சோதனையைச் செய்துவிட்டு விலை பேசுவது நல்லது.

பேட்டரியின் தலையையும் விடாதீர்கள். வோல்ட்டில் வைத்த மீட்டரின் ஒரு முனையை மைனஸ் கம்பத்திலும், மறுமுனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மூடி மேலும் வைத்து நகர்த்துங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் அமில ஈரமும் தூசியும் சேர்ந்து மேற்பரப்பிலேயே கரண்ட் ஊர்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். செல் மூடிகளுக்குள் கரைசல் இறங்கக் கூடாது. காய்ந்த பிறகு டெர்மினலில் வாசலின் தடவலாம்.

சார் வண்டிக்கு ஸ்டீரியோவின் சிவப்பு ஒயரைச் சாவி லைனுக்கு மாற்றினோம். புது ரிலேயைச் சாக்கெட்டோடு பம்பரில் வைக்காமல் உள்பக்கம் உயரத்தில் வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென ஒரு ஃப்யூஸும் போட்டாயிற்று. ஃப்யூஸ்களை எல்லாம் திரும்பச் செருகியபோது மீட்டர் காட்டியது 0.01. ஸ்டீரியோவின் நினைவுக்கு உரிய கரண்ட் அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

“சிதம்பரத்தில் ஒரு மாசம் தங்கினால்?” என்று கேட்டார். காரை இங்கே விட்டுப் போவதானால் மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிடச் சொன்னேன். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பேட்டரி வெயிலில் தானாகவும் கொஞ்சம் இறங்கும், சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். அதனால் திரும்பி வந்ததும் வோல்ட் பார்த்து, 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். அந்த எண்ணை பானெட்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறார்.